அருளர் (இசைத்தொகுப்பு)

அருளர், இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பிரித்தானியப் பாடகி எம்.ஐ.ஏ.வின் முதல் இசைத்தொகுப்பு. இவருடைய இயற்பெயர் மாதங்கி 'மாயா' அருள்பிரகாசம். தொகுப்பு 2005 மார்ச்சில் அமெரிக்காவிலும், அடுத்த மாதம் பிரித்தானியாவில் எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் வழியாகவும் வெளிவந்தது. பாடல்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. சிந்தசைசரும் தாளப்பெட்டியும் இவற்றின் முதுகெலும்பு. ஹிப்ஹாப், ஜமைக்காவின் டான்ஸ்ஹால், பிரேசிலின் ஃபங்க் கரியோகா ஆகியவை அதன் மேல் கலக்கின்றன. வீணையோ மிருதங்கமோ இத்தொகுப்பின் அடையாளமாக எங்கும் முன்னிறுத்தப்படவில்லை. ஆனாலும் போரில் ஊரை இழந்த தலைமுறையின் குரல் இவ்வளவு உரக்கப் பாப் இசையில் அதற்கு முன் ஒலித்ததில்லை என்று துணிந்து சொல்லலாம்.

தலைப்பு பாடகியின் தந்தையுடைய இயக்கப் பெயர். ஈரோஸ் என்ற ஈழத் தமிழ்ப் போராளி அமைப்பின் தொடக்ககால உறுப்பினரான அவரை ஈழத்து இலக்கியம் படித்தவர்கள் 'லங்கா ராணி' நாவலின் ஆசிரியராக அறிவார்கள். 1977 கலவரத்துக்குப் பின் கொழும்பிலிருந்து தமிழ் அகதிகளை வடக்குக்கு ஏற்றிச் சென்ற கப்பலைப் பற்றிய நாவல் அது. மகள் 1975 ஜூலை 18 அன்று லண்டனின் ஹவுன்ஸ்லோவில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் கொண்டு செல்லப்பட்டார். இடையே சிறிது காலம் சென்னையில் வாழ்ந்தார். 1986இல் தாயுடனும் உடன்பிறந்தவர்களுடனும் அகதியாக மீண்டும் லண்டன் சேர்ந்தார். தந்தை பெரும்பாலும் வீட்டில் இல்லை. தலைப்பை மாற்றும்படி அவர் கேட்டுக்கொண்டதாகவும், தான் மறுத்துவிட்டதாகவும் பாடகி நேர்காணலில் கூறியிருக்கிறார்.

எம்.ஐ.ஏ. முறையாக இசை பயின்றவர் அல்லர். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் திரைப்படம் படித்து, ஓவியராகவே முதலில் வெளியே தெரிந்தார். எலாஸ்டிகா குழுவின் 'த மெனஸ்' தொகுப்புக்கு (2000) அட்டைப்படம் செய்து, அவர்களுடைய அமெரிக்கச் சுற்றுப்பயணத்தைப் படம்பிடிக்கச் சென்றார். அதே மேடைகளில் பாடிய கனடாவின் பீச்சஸ், ரோலண்ட் எம்சி-505 என்ற ஒரே கருவியை வைத்துக்கொண்டு தனியாளாக நிகழ்ச்சி நடத்தியதைப் பார்த்தார். நீயும் செய்து பார் என்று ஊக்கியவரும் பீச்சஸ்தான். கருவியை எலாஸ்டிகாவின் பாடகி ஜஸ்டின் ஃபிரிஷ்மன் இரவல் தந்தார்.

அந்தக் கருவியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தாள ஒலிகள், சிந்தசைசர் ஒலிகள், அவற்றை வரிசைப்படுத்தித் திரும்பத் திரும்ப ஓடவிடும் வசதி என மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். விசைப்பலகை வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. சிறு பொத்தான்களை அழுத்தியே தாளம் கட்டிவிடலாம். பழைய நான்கு தட நாடாப்பதிவுக் கருவியையும் ஓர் ஒலிவாங்கியையும் இதனோடு சேர்த்து, எம்.ஐ.ஏ. தம் முதல் ஆறு பாடல்களை லண்டன் வீட்டிலேயே பதிந்தார். பின்னர் ரிச்சர்ட் எக்ஸ், சுவிட்ச், டிப்ளோ, ராஸ் ஆர்ட்டன் முதலியோர் தயாரிப்பில் கைகொடுத்தபோதும் அந்த மாதிரிப் பதிவுகளின் சொரசொரப்பு போகவில்லை. அடித்தாளம் கனத்து முன்னே நிற்கிறது; குரல் அதன் மேல் பாதி பேச்சாகவும் பாதி கூவலாகவும் ஏறுகிறது; இடையில் மெட்டுக்கென்று விட்ட இடம் குறைவு. இந்த வறண்ட கட்டமைப்பே தொகுப்பின் பெரிய பலம். 'புல் அப் த பீப்பிள்' பாடலில் இதைத் தெளிவாகக் கேட்கலாம்.

முதலில் வெளிவந்தது 'கலாங்'. 2003இல் ஷோபிஸ் ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனம் 500 இசைத்தட்டுகள் மட்டும் அச்சிட்டது. நடன அரங்குகளிலும் இணையத்திலும் அது பரவியதைப் பார்த்தே எக்ஸ்எல் ஒப்பந்தம் செய்தது.

பிரேசில் இத்தொகுப்புக்குள் வந்த வழி தனியே சொல்லத் தக்கது. ரியோ டி ஜெனீரோவின் ஃபவேலா எனப்படும் குடிசைப் பகுதிகளில், மயாமியிலிருந்து வந்த மின்தாளங்களின் மேல் போர்ச்சுகீசியத்தில் பாடி வளர்ந்தது ஃபங்க் கரியோகா. 'சிட்டி ஆஃப் காட்' திரைப்படத்தால் உலகறிந்த சிடாஜி ஜி டெயுஸ் பகுதியைச் சேர்ந்த தெய்சி டிக்ரோனா, வீட்டு வேலை செய்துகொண்டே பாடியவர். அவருடைய 'இஞ்சசாவுன்' பாட்டு, 'ராக்கி' படத்துக்கு பில் காண்ட்டி அமைத்த ஊதுகுழல் இசையை வெட்டி எடுத்துக் கட்டப்பட்டது. அதை அமெரிக்க டிஜே டிப்ளோ எடுத்து எம்.ஐ.ஏ.வின் குரலுக்கு அமைத்தபோது 'பக்கி டன் கன்' பிறந்தது. ஹாலிவுட் இசை ரியோவின் குடிசைப் பகுதிக்குப் போய், அங்கிருந்து லண்டன் தமிழ்ப் பெண்ணின் பாட்டுக்குள் வந்த கதை இது. ஃபங்க் கரியோகாவைப் பிரேசிலுக்கு வெளியே பலர் முதன்முதலில் கேட்டது இப்பாடலில்தான். புகழில் தெய்சிக்கு உரிய பங்கு அன்று கிடைக்கவில்லை. இப்பாடலைப் பற்றி எழுதுவோர் அவர் பெயரை விடாமல் சொல்வதே நியாயம்.

2004 இறுதியில், தொகுப்பு வருவதற்கு முன்பே, டிப்ளோவுடன் சேர்ந்து 'பைரசி ஃபண்ட்ஸ் டெரரிசம்' என்ற கலவைத் தொகுப்பை எம்.ஐ.ஏ. வெளியிட்டிருந்தார். அருளர் காலத்து வெளியீடுகளின் அட்டைகளில் அச்சுத்தகட்டு ஓவியங்களாகப் பீரங்கிகளும் புலிகளும் வந்தன. பாலஸ்தீன விடுதலை இயக்கத்தைக் குறிப்பிடும் 'சன்ஷவர்ஸ்' பாடலின் காணொளியில் மாற்றம் செய்யும்படி எம்டிவி கேட்க, அவர் மறுத்தார். ராஜேஷ் டச்ரிவர் இயக்கிய அந்தக் காணொளி தென்னிந்தியக் காட்டுப் பகுதியில் படமாக்கப்பட்டது. ஆயுதப் போராட்டத்தை அழகுபடுத்துகிறார் என்ற குற்றச்சாட்டு அருளரைத் தொடர்ந்தே வந்திருக்கிறது. பாடல்களின் அரசியல் பல இடங்களில் முழக்கத் துண்டுகளாகவே நிற்பது உண்மை. ஆனால் பத்து வயது வரை குண்டுச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவரின் நினைவு ஒழுங்கான வாதமாக வெளிவர வேண்டும் என்று கேட்பது பொருந்தாது.

விற்பனையில் அருளர் பெரிய வெற்றி அல்ல. பில்போர்டு 200 பட்டியலில் 190ஆம் இடத்தையும், பிரித்தானியப் பட்டியலில் 98ஆம் இடத்தையுமே எட்டியது. விமர்சகர்களிடையே நிலை வேறு: 2005 மெர்க்குரி விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது, அவ்வாண்டின் சிறந்த தொகுப்புகளில் ஒன்றாகப் பல இதழ்கள் தேர்ந்தெடுத்தன.

இதன் தொடர்ச்சி தமிழ்நாட்டில் நிகழ்ந்தது. 2006இல் அமெரிக்க விசா சிக்கலானதால், தாயின் பெயரில் அமைந்த இரண்டாம் தொகுப்பான 'கலா'வை (2007) எம்.ஐ.ஏ. பல நாடுகளில் பதிந்தார். ஏ.ஆர். ரகுமானின் சென்னைக் கலையகம் அவற்றுள் ஒன்று. அங்கே உறுமிக் கலைஞர்களை வாசிக்க வைத்து உருவானது 'பேர்ட் ஃப்ளூ'. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து அம்மன் கோயில் கொடைகளில் உறுமி கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தப் பாட்டு முதல் அடியிலேயே பிடிபட்டுவிடும். 'பாம்பூ பாங்கா'வில் இளையராஜாவின் 'தளபதி' இசை ஒலிக்கிறது. அருளரில் மின்பெட்டியின் பொத்தான்களில் தேடிய அடியை இரண்டாம் தொகுப்பில் தோல்கருவியிலேயே அவர் கண்டுகொண்டார். இரண்டையும் வெளிவந்த வரிசையில் கேட்பவருக்கு இது விளங்கும்.