நுகர்வு

குரோம்பேட்டையை அடுத்த அஸ்தினாபுரத்து ரேஷன் கடைகளுக்கு அரிசி அனுப்புவது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். அந்தப் பெயரில் உள்ள ‘நுகர்’ என்ற வினைக்கு முகர்தல், உண்ணுதல், அனுபவித்தல் என்று பல பொருள். பூவின் மணத்தை நுகர்கிறோம்; இன்பத்தையும் துன்பத்தையும்கூட நுகர்கிறோம். வாங்குதல் என்ற பொருள் இதில் இல்லவே இல்லை. ஆனால் 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று நுகர்வோர் என்றாலே ரசீதும் கையுமாக நிற்பவர்தான்.

மணிமேகலைக் காப்பியத்தில் நுகர்வு ஒரு பௌத்தக் கலைச்சொல். காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு விளக்கும், ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரு சார்புகளில் ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. பாலியில் ‘வேதனா’ எனப்படுவதே இங்கு நுகர்வு. புலன் பொருளைத் தொட்டதும் எழும் இன்பம், துன்பம், இரண்டுமல்லாத உணர்வு ஆகிய மூன்றும் அதில் அடங்கும். நுகர்வு குற்றமல்ல, உடம்பு இருக்கும்வரை அது இருக்கும். அது வேட்கையாக மாறும் இடத்தில்தான் பௌத்தம் கை வைக்கிறது. குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலைத் துணிக்கடை விளம்பரங்கள் கை வைப்பதும் அதே இடத்தில்தான், எதிர்த்திசையில்!

1955இல் பர்மாவுக்குப் பொருளாதார ஆலோசகராகப் போன ஷூமேக்கர், பின்னர் ‘பௌத்தப் பொருளியல்’ என்ற கட்டுரை எழுதினார். நலத்தின் அளவுகோல் நுகர்வின் பெருக்கமல்ல, குறைந்த நுகர்வில் கிடைக்கும் நிறைவு என்பது அவர் வாதம். அவர் சொன்ன நுகர்வு சந்தை நுகர்வு. அறவணர் மொழியில் அதற்கு வேட்கை, பற்று என்ற சொற்களே பொருத்தம். ‘நுகர்வுக் கலாசாரம்’ என்று நாம் திட்டுவதையும் ‘வேட்கைக் கலாசாரம்’ என்றிருக்கலாம்.