முகாம் என்ற சொல்: அமெரிக்க யூதச் சிறுவர்களின் கோடைகால வரலாறும் எமக்கான ஒரு கேள்வியும்



"முகாம்" என்ற சொல்லைக் கேட்டதும் எங்களுக்கு என்ன நினைவு வருகிறது? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எமது மக்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் கழித்த காலம். 2004 சுனாமிக்குப் பிறகு பாடசாலைக் கட்டிடங்களில் பாய் விரித்துப் படுத்த குடும்பங்கள். அதற்குப் பிறகு இராணுவ முகாம். இந்தச் சொல்லோடு எங்களுக்குச் சந்தோஷமான உறவு குறைவு.

இதே சொல்லை நடுத்தர வயதுள்ள ஓர் அமெரிக்க யூதரிடம் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் முகம் மலரும். ஏரி, மரவீடு, இரவில் மூட்டிய நெருப்பைச் சுற்றிப் பாடிய பாட்டு என்று கதை தொடங்கிவிடும். பியூ ஆய்வு நிலையம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் வயதுவந்த யூதர்களில் 38 வீதமானோர் சிறு வயதில் யூதக் கோடை முகாமொன்றில் தங்கியிருந்தவர்கள்.

யூதர்களைப் பற்றி எமது முகநூலில் வரும் பதிவுகள் பொதுவாக இரண்டு வகை. உலகத்தையே அவர்கள்தான் ஆட்டிப் படைக்கிறார்கள் என்பது ஒன்று. காஸாவின் படங்கள் மற்றது. முதலாவது கட்டுக்கதை. இரண்டாவது கண்முன்னே உள்ள உண்மை, அதைப் பற்றி இந்தப் பதிவிலும் பேச வேண்டியிருக்கிறது. ஆனால் ஒரு சிறுபான்மைச் சமூகம் அந்நிய நாட்டில் தன் பிள்ளைகளை எப்படி வளர்த்தது என்ற வரலாற்றை நாங்கள் படிப்பதில்லை. பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஒருவர் என்ற வகையில் அது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

■ காற்றும் பாலும் தேடிய காலம்

1880களிலிருந்து 1924இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை இறுக்கும் வரை, ரஷ்யப் பேரரசிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவின் ஏனைய பகுதிகளிலிருந்தும் 20 இலட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் அங்கு போய்ச் சேர்ந்தார்கள். பலர் நியூயோர்க்கின் லோவர் ஈஸ்ட் சைட் பகுதியில், வெளிச்சமும் காற்றும் புகாத மாடிக் குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். தையல் வேலைதான் அதிகம். கோடையில் வெக்கை தாங்க முடியாது. காசநோய் வீடு வீடாகப் பரவியது.

ஏற்கனவே வசதியாக வாழ்ந்த யூதர்கள் இந்த ஏழைப் பிள்ளைகளைச் சில நாட்களாவது நகரத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று நினைத்தார்கள். 1902இல் கோல்ட் ஸ்பிரிங் என்ற ஊருக்கு அருகே 'சர்ப்ரைஸ் லேக்' முகாம் தொடங்கியது அப்படித்தான். நல்ல காற்று, வயிறு நிறையச் சாப்பாடு, பால், நீச்சல், ஆங்கிலப் பேச்சு. மார்க்கம் அப்போது முதலிடத்தில் இருக்கவில்லை. பிள்ளை உயிரோடும் தெம்போடும் அமெரிக்கனாக வளர வேண்டும் என்பதே நோக்கம்.

அங்கே போன பிள்ளைகளில் ஒருவர் எடி கேன்டர். தாய் தந்தையை இழந்து பாட்டியின் கையில் வளர்ந்த ஏழைச் சிறுவன். பிற்காலத்தில் மேடை, சினிமா, வானொலி என்று அமெரிக்கா முழுக்கப் புகழ்பெற்ற நகைச்சுவைக் கலைஞரானார். அந்த முகாமை அவர் மறக்கவில்லை. தன்னைப் போன்ற பிள்ளைகள் போவதற்காக வாழ்நாள் முழுக்க அதற்கு உதவினார்.

■ பின்னேர வகுப்பில் முடியாதது

அமெரிக்காவில் யூதப் பிள்ளைகள் அரசாங்கப் பாடசாலைக்குப் போனார்கள். எபிரேயமும் வேதமும் பாடசாலை விட்ட பிறகு, பின்னேர வகுப்பில். பிள்ளை களைத்துப் போய் வந்திருக்கும். வெளியே கூட்டாளிகள் விளையாடும் சத்தம் கேட்கும். எங்களுடைய பின்னேரக் குர்ஆன் மத்ரஸாவை நடத்தும் மௌலவிமாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சில கல்வியாளர்கள் வேறு வழி தேடினார்கள். 1919இல் அல்பர்ட் ஸ்கூல்மன் என்பவரின் வழிகாட்டலில் செஜ்வின் முகாம் தொடங்கியது. பாடத்தைப் படிப்பிப்பதோடு நிற்காமல், சில வாரங்கள் அதை வாழ வைப்பது என்பதே அதன் எண்ணம். ஐரோப்பிய யூதர்களின் வீட்டு மொழியான யித்திஷைக் காப்பாற்ற 1923இல் போய்பெரிக் முகாம் வந்தது. 1927இல் தொழிலாளர் அமைப்பொன்று கிண்டர் ரிங் முகாமைத் திறந்தது. மார்க்கப் பற்றாளர்கள், மார்க்கத்தில் அக்கறையில்லாதவர்கள், சோசலிஸ்டுகள், சியோனிஸ்டுகள் என்று ஒவ்வொரு பிரிவினருக்கும் ஒவ்வொரு முகாம். யூதர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறவர்கள் என்று நினைக்கும் எமது ஆட்கள் இந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்தில் பல ஹோட்டல்களும் கழகங்களும் தனியார் முகாம்களும் யூதர்களைச் சேர்ப்பதில்லை. தனி முகாம்கள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெரிய மாற்றம் 1941க்கும் 1952க்கும் இடையில் வந்தது. ஐரோப்பாவில் ஹிட்லரின் ஆட்கள் யூதச் சமூகங்களை அடியோடு அழித்துக்கொண்டிருந்தார்கள். ஆலிம்கள் உருவான ஊர்கள் எல்லாம் எமக்கு அழிந்து போனால் எப்படியோ, அவர்களுக்கு அப்படி. இனி அறிவும் மரபும் அமெரிக்காவில்தான் மிஞ்ச வேண்டும் என்ற பயம் பிடித்தது. 1941இல் எபிரேயம் மட்டும் பேசும் மஸாத் முகாம் வந்தது. பேஸ்போல் விளையாட்டின் சொற்களைக்கூட எபிரேயத்தில் ஆக்கி விளையாடினார்கள். 1947இல் விஸ்கொன்சின் மாநிலத்தில் ராமா முகாம் தொடங்கியது. 1952இல் அதே மாநிலத்தில் சீர்திருத்தப் பிரிவினரும் ஒன்றைத் திறந்தார்கள்.

■ ஏன் மறக்கவில்லை?

அந்தப் பிள்ளையின் நிலையை யோசித்துப் பாருங்கள். வருடத்தில் பத்து மாதம் வகுப்பில் அவன் ஒருவன்தான் யூதன். டிசம்பரில் எல்லோரும் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடும்போது ஒதுங்கி நிற்பவன். முகாமுக்குப் போனால் திடீரென்று எல்லோரும் அவனைப் போல. சாப்பாட்டை ஏன் சாப்பிடவில்லை என்று கேட்க ஆளில்லை. பெயரைப் பிழையாகச் சொல்ல ஆளில்லை. நாட்காட்டியே அவனுடையது.

வெள்ளி பின்னேரம் குளித்து வெள்ளை உடுத்து எல்லோரும் ஒன்றாகச் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போவார்கள். குர்ஆன் 'ஸப்த்' என்று சொல்லும் அந்த ஓய்வுநாள் அன்று சூரியன் மறையத் தொடங்கும். சாப்பிட்ட பிறகு மேசையில் தட்டித் தட்டி நெடுநேரம் பாடுவார்கள். ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் சாப்பாட்டு மண்டபத்தையும் மருந்தறையையும் எபிரேயப் பெயரால் அழைப்பார்கள். நாங்கள் தமிழ் பேசிக்கொண்டே வுழூ, ஸலாம், கபுறடி என்று சொல்வது போலத்தான்.

ஜெருசலத்திலிருந்த அவர்களது ஆலயம் இரண்டு தடவை அழிக்கப்பட்டதை நினைத்து நோன்பிருக்கும் 'திஷா பாவ்' என்ற நாள் கோடையில்தான் வரும். நகரத்தில் அது பாடசாலை விடுமுறைக்குள் கவனிக்கப்படாமல் போய்விடும். முகாமில் பிள்ளைகள் இருட்டில் தரையில் உட்கார்ந்து, மெழுகுதிரி வெளிச்சத்தில் புலம்பல் வேதம் ஓதக் கேட்பார்கள். ஒரு தடவை அப்படி உட்கார்ந்த பிள்ளைக்கு அந்த நாளை இனிப் படிப்பிக்கத் தேவையில்லை.

1959இல் தொடங்கிய ஹெம்ஷெக் முகாமைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெயருக்கு 'தொடர்ச்சி' என்று பொருள். நாஸிகளின் கொலைக்குத் தப்பி வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக அமைத்தது. முகாம் என்ற சொல்லின் ஆகக் கொடிய பொருளை அனுபவித்தவர்கள் அதே சொல்லைப் பிள்ளைகளின் பாட்டுக்கும் விளையாட்டுக்கும் மீட்டுக் கொடுத்தார்கள்.

எல்லா நினைவும் இனிப்பானதும் இல்லை. அலன் ஷெர்மனின் புகழ்பெற்ற 1963ஆம் ஆண்டு நகைச்சுவைப் பாட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று கெஞ்சும் ஒரு முகாம் பிள்ளையின் கடிதம். அவருடைய மகன் முகாமிலிருந்து எழுதிய கடிதங்களே அதற்குத் தூண்டுதல். எபிரேய அறிஞர் ஒருவரின் மகனான நோம் சொம்ஸ்கி, 1945 ஓகஸ்டில் 16 வயதில் கோடை முகாமொன்றில் சிறுவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தார். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த செய்தி வந்தது. மற்றவர்கள் கேட்டுவிட்டு விளையாட்டுக்குப் போய்விட்டார்கள். அதைத் தாங்க முடியாமல் அவர் தனியே காட்டுக்குள் நடந்து போனதைப் பல தடவை சொல்லியிருக்கிறார்.

■ சொல்லாமல் விட்டது

இனி எமக்கு வலிக்கும் இடம். 1948க்குப் பிறகு பெரும்பாலான முகாம்களில் இஸ்ரேல் மையமானது. கொடி, பாட்டு, நடனம், அந்த மண்ணின் ஊர்ப் பெயர்களைத் தாங்கிய மரவீடுகள். அந்த 1948 ஜூலையில் லித்தா, ரம்லா நகரங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான பலஸ்தீனர்கள் கொளுத்தும் வெயிலில் கால்நடையாக விரட்டப்பட்டார்கள். 1950 மே மாதம் ஐ.நா.வின் 'அன்ர்வா' நிறுவனம் வேலையைத் தொடங்கியபோது, பலஸ்தீனப் பிள்ளைக்கும் முகாம் கிடைத்தது. அவனுடைய முகாம் இரண்டு மாதத்தில் முடியவில்லை. அவனுடைய பேரப்பிள்ளைக்கும் அது முடியவில்லை. 2011 கோடையில் காஸாக் கடற்கரையில் அன்ர்வா நடத்திய விளையாட்டு விழாவில் அந்தப் பிள்ளைகள் பத்தாயிரத்துக்கும் அதிகமான பட்டங்களை ஒரே நேரத்தில் பறக்கவிட்டு உலக சாதனை செய்தார்கள். அந்தப் பிள்ளைகளின் கோடையும் கோடைதான்.

ஏரிக்கரையில் பாடிய பிள்ளைக்கு இந்த மக்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வளர்ந்த பிறகுதான் அறிந்தார்கள். 2017இல் அமெரிக்க யூத இளைஞர்கள் "நீங்கள் எங்களுக்கு ஒருபோதும் சொல்லவில்லை" என்ற பொருளில் ஒரு பிரசாரத்தைத் தொடங்கினார்கள். தாங்கள் படித்த யூதப் பாடசாலைகளையும் போன முகாம்களையும் நோக்கியே அந்தக் கேள்வி. அவர்கள் முகாமை வெறுத்தவர்கள் இல்லை. நீதி பற்றி எங்களுக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தானே, பிறகு ஏன் இதை மறைத்தீர்கள் என்றார்கள்.

■ எமக்கு

எங்களிடம் அஹதிய்யா இருக்கிறது. மத்ரஸா இருக்கிறது. நோன்பு விடுமுறை இருக்கிறது. பிள்ளை தன் மார்க்கத்தையும் ஊரையும் சில நாட்களாவது கூச்சமில்லாமல் சேர்ந்து வாழும் இடமாக இவற்றை மாற்ற முடியும். வசதி இருக்க வேண்டும் என்பதில்லை. சர்ப்ரைஸ் லேக் தொடங்கியது ஏழைகளுக்காக.

ஆனால் எதைச் சொல்லப் போகிறோம்? 1915 கலவரத்தைச் சொல்வோம். 1990 ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிகளில் ஸுஜூதில் இருந்தவர்கள் சுடப்பட்டதைச் சொல்வோம். சொல்லத்தான் வேண்டும். 2019 ஏப்ரல் 21ஐ யார் சொல்வது? தேவாலயங்களில் அன்று செத்துப்போன பிள்ளைகளைப் பற்றி, அதைச் செய்தவர்கள் எமது பெயர்களைத் தாங்கியவர்கள் என்பதைப் பற்றி, எந்த அஹதிய்யாவில் எந்த வகுப்பில் பேசுகிறோம்?

நாங்கள் பேசாவிட்டால் பிள்ளை அதை வேறு யாரிடமிருந்தோ, வேறு விதமாகக் கேட்கும். பிறகு ஒருநாள் எங்கள் முன்னால் வந்து நின்று, அந்த யூத இளைஞர்கள் கேட்டதையே கேட்கும்.

உங்கள் ஊர் அஹதிய்யாவிலோ மத்ரஸாவிலோ இதைப் பேசத் தொடங்கியிருந்தால், எப்படி என்று கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கும் உதவும்.