வந்து வந்து போகும் வியாதி: மின்சார பவர் ஸ்டியரிங்கின் கதை

நம் தலைமுறைக்கு ஸ்டியரிங் என்றால் தோள்பட்டை வேலை. பாவூர்சத்திரம் மார்க்கெட் நெரிசலில் அம்பாசிடரைத் திருப்பி நிறுத்தியவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

அந்தப் பாரத்தைக் குறைக்க முதலில் வந்தது எண்ணெய் அழுத்தம். அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926-ல் ஒரு பியர்ஸ் ஆரோ காரில் அதைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். விலை அதிகம் என்று கார் கம்பெனிகள் தள்ளிப்போட்டன. 1951-ல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில்தான் அது கடைக்கு வந்தது.

ஆனால் எண்ணெய் பம்ப், வண்டி நேராகப் போகும்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். சின்ன எஞ்சினுக்கு அது வீண் சுமை. ஆகவே 1988-ல் ஜப்பானின் சுசுகி செர்வோ என்ற குட்டிக் காரில் மோட்டார் வைத்த ஸ்டியரிங் வந்தது. திருப்பும்போது மட்டும் மின்சாரம் எடுக்கும். 2000-ஐ ஒட்டி நம் ஊரில் வேகன் ஆர், ஆல்டோ போன்ற சிறிய கார்கள் வழியாக இது பரவியது.

வேலை செய்யும் விதம் எளிது. ஸ்டியரிங் தண்டில் டார்ஷன் பார் என்ற மெல்லிய எஃகுக் கம்பி உண்டு. நாம் திருப்பும்போது அது இம்மியளவு முறுகும். சென்சார் அதை அளந்து கண்ட்ரோல் யூனிட்டுக்குச் சொல்லும். அது மோட்டாரை ஓட்டும். கணக்கில் ஏதாவது இடித்தால் யூனிட் உதவியை நிறுத்திவிட்டு, விளக்கைப் போட்டுவிடும். சக்கரத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அறுவதில்லை, வண்டி திரும்பும். ஆனால் வளைவில் திடீரென்று கனத்தால், எழுபது வயதுக் கைக்கு அது சின்ன விஷயமில்லை.

பழைய காரில் இந்த விளக்கு ஒருநாள் எரியும். வண்டியை அணைத்துப் போட்டால் மறையும். ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் எரியாது. "காலத்தையே மாத்திரணும் சார்" என்பார்கள். அதாவது ஸ்டியரிங் தண்டு, மோட்டார் எல்லாம் சேர்ந்த முழுத் தொகுப்பு. பென்ஷன்காரருக்கு அது பெரிய செலவு.

அதற்கு முன் பார்க்க வேண்டியது மின்சாரம் வரும் வழி. நின்ற இடத்தில் திருப்பும்போது மோட்டார் 30 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். தளர்ந்த பேட்டரி, களிம்பேறிய டெர்மினல், துருப்பிடித்த எர்த் ஒயர் எதுவானாலும் அந்த நேரத்தில் வோல்ட் விழும். குற்றாலச் சாரலை வருஷா வருஷம் வாங்கும் நம் பக்கத்து வண்டிகளில் எர்த்தைச் சந்தேகிப்பது நியாயம்.

சோதனை இதுதான். பேட்டரியைக் கழற்றுமுன் ஸ்கேனரில் கோடு எடுக்கச் சொல்லுங்கள். கழற்றினால் சில வண்டிகளில் அது அழிந்துபோகும். பிறகு எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகடிவிலும், மறு முனையைப் பாடியின் சுத்தமான இரும்பிலும் வைத்து, ஒருவரை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லுங்கள். சுமார் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அடுத்து ஃபியூஸ், கனெக்டர்களை அசைத்துப் பார்க்க வேண்டும். இவை தேறிய பிறகே சென்சார், மோட்டார், யூனிட்.

எப்போது எரிந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பார்க்கிங்கில் என்றால் பெரும்பாலும் மின்சாரக் குறை; பள்ளத்தில் குலுங்கியபோது என்றால் கனெக்டர்; நெடுநேரம் ஓடிச் சூடேறிய பின் என்றால் மோட்டாரோ யூனிட்டோ. டாக்டரிடம் "எப்போ வலிக்குது" என்று நாம் சொல்வதில்லையா? மெக்கானிக்குக்கும் அந்தப் பதில்தான் தேவை.