மூன்றாந்தரப்புக் குக்கி

ஒருவர் திறக்கும் வலைத்தளம் அல்லாமல், அதே பக்கத்தில் விளம்பரமோ படமோ வைத்திருக்கும் வேறொரு நிறுவனம் அவருடைய உலாவியில் எழுதிவைக்கும் சிறு குறிப்பே மூன்றாந்தரப்புக் குக்கி. குக்கி அதனளவில் சாதுவான பொருள். ஒரு பெயர், நீளமான ஓர் எண், எந்த முகவரிக்கு உரியது, என்றைக்குக் காலாவதி என எல்லாம் ஒரே வரியில் அடங்கிவிடும். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மோண்டூலி இதை உருவாக்கியபோது இருந்த தேவையும் சாதாரணமானதுதான். வலைக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு சொடுக்கிலும் வந்தவரைப் புது ஆளாகவே பார்க்கும். கடைத்தளத்தில் கூடைக்குள் போட்ட பொருள் அடுத்த பக்கம் போவதற்குள் யாருடையது என்று தெரியாமல் போய்விடும். கோயில் வாசலில் செருப்பு விடுமிடத்தில் தருவதுபோல வந்தவரிடம் ஒரு டோக்கனைக் கொடுத்து, திரும்ப வரும்போது காட்டச் சொன்னார்கள். அந்தக் கடைக்குள் மட்டும் செல்லும் டோக்கனால் யாருக்கும் தொல்லை இல்லை.

தொல்லை, ஒரே ஆள் எல்லாக் கடைகளிலும் உட்கார்ந்து டோக்கன் பார்க்கத் தொடங்கியபோது வந்தது. செய்தித்தளம் ஒன்றைத் திறந்தால் எழுத்து அதன் சர்வரிலிருந்து வரும். ஓரத்து விளம்பரமோ விளம்பர நிறுவனத்தின் சர்வரிலிருந்து வரும். அதை வாங்கப் போகும் உலாவி, அந்த நிறுவனம் முன்பு எழுதிய எண்ணையும், எந்தத் தளத்திலிருந்து கேட்கிறது என்பதையும் சேர்த்தே அனுப்பும். விளம்பரம் கண்ணில் பட வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே ஒரு படப்புள்ளி அளவுள்ள, நிறமற்ற படம் போதும். காலையில் செய்தி, மதியம் ஒரு நோயின் அறிகுறி, இரவில் கடன் வட்டி என்று வெவ்வேறு தளங்களில் பார்த்தவை ஒரே எண்ணின் கீழ் வரிசையாக ஏறிவிடுகின்றன. ஆகவே இங்கே கேள்வி தகவல் சேகரிப்பைவிட, சேகரித்ததை இணைப்பது பற்றியதே. இதை முன்கூட்டியே உணர்ந்தவர்கள் இருந்தார்கள். 1997 பிப்ரவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 2109 என்ற குக்கித் தரநிலை, மோண்டூலியும் இணையாசிரியராக எழுதியது. பயனர் தாமே மாற்றினாலொழிய மூன்றாந்தரப்புக் குக்கிகளை உலாவிகள் ஏற்கக் கூடாது என்றது. அன்றைய பெரிய உலாவிகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. பிறகு நடந்த சட்டப் போராட்டங்கள் பலவும் அந்த ஒரு அலட்சியத்தின் வட்டி.

எண்தானே, பெயர் இல்லையே என்பது விளம்பரத் துறையின் பழைய வாதம். 1999இல் டபுள்கிளிக் என்ற விளம்பர நிறுவனம், பெயர் முகவரியோடு வாங்குவோர் பட்டியல் வைத்திருந்த அபாகஸ் நிறுவனத்தை வாங்கி, இரண்டையும் இணைக்கத் திட்டமிட்டது. எதிர்ப்பு வலுத்ததால் 2000இல் பின்வாங்கியது. 2006இல் ஏஓஎல் என்ற இணைய நிறுவனம், சுமார் 6,50,000 பேரின் தேடல்களைப் பெயரை நீக்கி எண்ணிட்டு வெளியிட்டது. சில நாள்களிலேயே செய்தியாளர்கள் தேடல் சொற்களை மட்டும் வைத்து அவர்களில் ஒரு மூதாட்டியை அடையாளம் கண்டுவிட்டார்கள்.

பயனர்தான் ஒப்புக்கொள்கிறாரே என்பது அடுத்த வாதம். முன்கூட்டியே டிக் செய்து வைத்த பெட்டி ஒப்புதலாகாது என 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம் பிளானட்49 வழக்கில் தீர்ப்பளித்தது. ஏற்க ஒரு சொடுக்கு, மறுக்கப் பல சொடுக்குகள் என வைத்ததற்காக 2022 ஜனவரியில் பிரான்சின் தரவுக் காப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் கோரும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழிசெய்கிறது. நல்லதுதான், ஆனால் எந்த மொழியில் இருந்தாலும், அவசரத்தில் இருப்பவர் பெரிய பொத்தானைத்தான் அழுத்துவார். ஒப்புதலைவிட இயல்பமைப்பே வலிமையானது. 2020 மார்ச்சில் சஃபாரி உலாவி மூன்றாந்தரப்புக் குக்கிகளை இயல்பாகவே முழுமையாகத் தடுத்தது; அதற்காக யாரும் எதையும் படிக்க வேண்டியிருக்கவில்லை.

விளம்பரம் இல்லாவிட்டால் இலவசத் தளங்கள் எப்படிப் பிழைக்கும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் சமையல் பக்கத்தில் குக்கர் விளம்பரம் போட, படிப்பவர் நேற்று எங்கே போனார் என்று தெரிய வேண்டியதில்லை. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: இக்குக்கியை ஒழித்தால், கோடிக்கணக்கானோரைக் கணக்கு வைத்து உள்நுழையச் செய்யும் பெருநிறுவனங்களின் கையே ஓங்கும். கூகுள் தன் குரோம் உலாவியிலிருந்து இக்குக்கிகளை நீக்கத் திட்டமிட்டதைப் பிரிட்டனின் போட்டி ஆணையம் கண்காணித்ததும் இந்தக் கவலையால்தான். தடை குக்கி என்ற கருவியோடு நிற்காமல் இணைக்கும் செயலையே தொட வேண்டும் என்பதற்கு அது வலுச் சேர்க்கிறது. கூகுளோ, 2020இல் இரண்டாண்டுக்குள் நீக்குவதாகச் சொன்னதைப் பலமுறை தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் கைவிட்டது. குரோமில் மூன்றாந்தரப்புக் குக்கி நீடிக்கிறது.