உத்தரவாத அட்டைக்கும் ஒரு வரலாறு உண்டு



மலிவு விலையில் வாங்கிய டேப்லட்டோ மின்னேற்றியோ பழுதாகிவிட்டால், நாம் முதலில் தேடுவது உத்தரவாத அட்டையைத்தான். அட்டை கிடைத்து, காலக்கெடுவும் மீதமிருந்தால் நிம்மதி அடைகிறோம். கெடு கடந்துவிட்டிருந்தால் பெருமூச்சு விட்டுப் பொருளைக் குப்பையில் சேர்க்கிறோம். நமது உரிமை முழுவதும் அந்தச் சிறு அட்டைக்குள் அடங்கியிருப்பதாகவே பலரும் எண்ணுகின்றனர். அதன் வரலாற்றைப் பார்த்தால், வாங்குபவரைக் காப்பதற்கு மட்டுமன்றி, விற்பவரின் பொறுப்பைக் குறைப்பதற்கும் அது பயன்பட்டு வந்திருப்பது தெரிய வரும்.

1603-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தீர்ப்பளிக்கப்பட்ட ஒரு வழக்கிலிருந்து தொடங்குவோம். சேண்டலர் என்னும் பொற்கொல்லர், லோபஸ் என்பவருக்கு ஒரு கல்லை நூறு பவுனுக்கு விற்றார். அது 'பெசோவார்' கல் என்று அவர் கூறினார். நம்மவர் அறிந்த கோரோசனையைப் போல, விலங்கின் வயிற்றில் உருவாகும் கல் அது. நஞ்சை முறிக்கும் என்று அக்காலத்தில் நம்பப்பட்டது. ஆனால் லோபஸ் வாங்கியதோ பெசோவார் கல்லே அன்று. அவர் வழக்குத் தொடுத்தார், தோற்றார். அது பெசோவார் கல் என்று விற்பவர் வெறுமனே சொன்னது போதாது, உத்தரவாதம் அளிப்பதாகவும் சொல்லியிருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். நூறு பவுன் அன்று பெருஞ்செல்வம். வாங்குபவர்தாம் விழிப்பாக இருக்க வேண்டும் என்னும் கொள்கைக்கு இந்த வழக்கையே நெடுங்காலம் எடுத்துக்காட்டினர்.

பிறகு வந்த 1893-ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பொருள் விற்பனைச் சட்டமும், அதனைப் பின்பற்றிய 1930-ஆம் ஆண்டு இந்தியச் சட்டமும், நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுச் சட்டமும் இக்கடுமையைச் சற்றுத் தளர்த்தின. பொருளின் தரத்திற்கு விற்பவர் பொறுப்பேற்க வேண்டிய சில சூழல்களை அவை வகுத்தன. ஆயினும் அந்தப் பொறுப்பை ஒப்பந்தத்தின் வாயிலாக விலக்கிக்கொள்ளவும் அவை இடமளித்தன. விற்பவருக்கு அந்த ஒரு சிறு வாசல் போதுமானதாக இருந்தது.

அவ்வாசல் எவ்வளவு அகலமானது என்பதை அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு காட்டியது. 1955-ஆம் ஆண்டு மே மாதத்தில், அன்னையர் தினப் பரிசாக ஹென்னிங்சன் என்பவர் தம் மனைவிக்கு ஒரு காரை வாங்கித் தந்தார். கார் வீட்டிற்கு வந்து பத்து நாள்கள்தாம் ஆகியிருந்தன. ஓடியது 468 மைல். அந்த அம்மையார் ஓட்டிச் சென்றபோது திசைதிருப்பும் அமைப்பு செயலிழந்து, கார் சுவரில் மோதியது. ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்துகளில் ஓர் உத்தரவாதம் இருந்தது. 90 நாள்களுக்குள் அல்லது 4,000 மைலுக்குள் ஏதேனும் பாகம் பழுதானால், அனுப்பும் செலவை வாங்கியவரே ஏற்று அதனைத் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் வேறு பாகம் தருவார்கள். அதைத் தவிர வேறு எப்பொறுப்பும் தங்களுக்கு இல்லை என்பது அதன் பொருள். உத்தரவாதம் என்று தலைப்பிட்டு, பொறுப்பை உதறித் தள்ளிய தாள் அது! 1960-ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்து, அக்குடும்பத்திற்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 'அனுப்பும் செலவு உங்களுடையது' என்ற வாசகத்தை இன்றும் எத்தனையோ அட்டைகளில் காண்கிறோம் அல்லவா?

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1972-ஆம் ஆண்டில் பினாங்கின் பாயான் லெப்பாஸ் பகுதியில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழத் தொடங்கின. அதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்னர்தான் அதே தீவில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் தோன்றியிருந்தது. அதனைப் பல்லாண்டுகள் வழிநடத்திய எஸ்.எம். முகமது இட்ரிஸ் 2019-ஆம் ஆண்டில் காலமானார். பயனீட்டாளர் என்ற சொல் நம் வீடுகளில் புழங்கியதற்கு அச்சங்கம் முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

அத்தகைய இயக்கங்களின் நீண்ட முயற்சிக்குப் பிறகு, 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முன்பு திறந்திருந்த வாசலை இச்சட்டம் அடைத்தது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று கடையில் எழுதி ஒட்டினாலும், ஒப்பந்தத்தில் எதை அச்சிட்டாலும், சட்டம் தரும் உரிமையை அது பறிக்க இயலாது. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று 32-ஆம் பிரிவு கூறுகிறது. நீடித்து உழைப்பதும் அத்தரத்தில் அடங்கும்.

இங்கே கடைக்காரர் தரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தரத்தை அளவிடும்போது விலையையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. முந்நூறு வெள்ளிப் பொருளிடம் மூவாயிரம் வெள்ளிப் பொருளின் ஆயுளை எதிர்பார்க்க முடியாது. ஆனால் மலிவு என்ற காரணத்தால் ஐந்தே வாரத்தில் உயிர்விடுவது சரியாகிவிடாது. பழுதுநீக்கித் தருவதா, மாற்றித் தருவதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முதலில் விற்பவருக்கே உண்டு. நியாயமான காலத்திற்குள் அதைச் செய்ய வேண்டும் என்பதே நிபந்தனை. செய்யத் தவறினால், நாம் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம்.

'நீடித்து உழைத்தல்' என்ற சொல் ஏன் முக்கியம்? ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை உலகெங்கும் கணினித் தாய்ப்பலகைகளில் இருந்த மின்தேக்கிகள் உப்பி, வெடித்துக் கசிந்தன. அவற்றுள் இருந்த மின்பகு கரைசலின் குறைபாடே காரணம். வாங்கிய அன்று எல்லாம் சரியாகவே இயங்கும். பல மாதங்கள் கழித்தே குறை வெளிப்படும். அதற்குள் பல அட்டைகளின் கெடு முடிந்துவிட்டிருக்கும்.

2021-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பள்ளிகள் மூடப்பட்டு இல்லிருப்புக் கற்றல் நடந்துகொண்டிருந்தபோது, என் மாணவி ஒருத்தியின் தந்தை நானூறு வெள்ளிக்கும் குறைவான விலையில் ஒரு டேப்லட் வாங்கினார். அவர் லாரி ஓட்டுநர். வீட்டில் மூன்று பிள்ளைகள். இருந்ததோ அவருடைய கைப்பேசி ஒன்றுதான். ஐந்தாவது வாரம் டேப்லட் மின்னேற்றம் பெற மறுத்தது. ஏழு நாள்களுக்குள் வந்திருந்தால் மாற்றித் தந்திருப்போம், இனி நீங்களே தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள், இரண்டு மாதம் ஆகலாம் என்று கடையில் கூறிவிட்டனர். "நாங்கதான் விலையப் பார்த்து வாங்கினோம், யாரக் குத்தம் சொல்றது டீச்சர்?" என்றார் அவர். தந்தை வேலை முடிந்து வரும் இரவு ஒன்பது மணிக்குப் பிறகே அந்தப் பிள்ளை பாடங்களைப் பார்த்தாள்.

நாங்கள் இருவரும் ஒரு கடிதம் எழுதினோம். வாங்கிய நாள், பழுதான நாள், 32-ஆம் பிரிவு, விற்றவர் என்ற முறையில் கடைக்கே உள்ள பொறுப்பு, பதினான்கு நாள் அவகாசம், தவறினால் மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் தீர்ப்பாயம். அவ்வளவே. பன்னிரண்டாம் நாள் புதிய டேப்லட் கிடைத்தது. அதற்குள் அவள் பின்னக் கணக்குகள் முழுவதையும் தவறவிட்டிருந்தாள். அதனை அக்டோபரில்தான் ஈடுசெய்ய முடிந்தது.

அத்தீர்ப்பாயமும் 1999-ஆம் ஆண்டிலேயே பிறந்தது. தொடக்கத்தில் 10,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரித்தது. 2003-இல் அது 25,000 ஆகவும், 2019-இல் 50,000 ஆகவும் உயர்ந்தது. முதலாம் பாரத்தை நிரப்பி ஐந்து வெள்ளிக் கட்டணம் செலுத்தினால் போதும். பொதுவாக வழக்கறிஞர்கள் வாதாட அங்கு அனுமதி இல்லை என்பதால், லாரி ஓட்டுநரும் கடை முதலாளியும் சமமாக அமர்கின்றனர். இணையவழி வாங்கும் பொருள்கள் முதலில் இச்சட்டத்திற்குள் வரவில்லை. 2007-ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றையும் உட்படுத்தியது. சிங்கப்பூரில் உள்ள அன்பர்களுக்கு 2012 செப்டம்பர் முதல் வேறொரு வசதி உண்டு. ஆறு மாதத்திற்குள் வெளிப்படும் குறை, பொருளைப் பெற்றபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று விற்றவர்தாம் மெய்ப்பிக்க வேண்டும்.

நம் தீர்ப்பாயத்தில், கோரிக்கைக்கான காரணம் எழுந்து மூன்றாண்டுகளுக்குள் முறையிட வேண்டும். கடைகளில் தரும் பற்றுச்சீட்டோ, வெப்பத்தால் அச்சாகும் தாள். சில மாதங்களிலேயே எழுத்துகள் மறைந்து வெறுந்தாளாகிவிடும். வாங்கிய அன்றே அதனை நகலெடுத்துப் பொருளின் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.