பொட்டலத்தின் பின்பக்கம்

நம் சங்கம் தொடங்கிய 1970களில், சிங்கப்பூரில் வாழ்ந்த நம் குடும்பங்களுக்கு ஹலால் என்பது பெரும்பாலும் ஆளைப் பொறுத்த விஷயமாக இருந்தது. இறைச்சியைத் தெரிந்த பாயிடம் வாங்கினோம். மசாலாவுக்கு வேண்டியதை வீட்டிலேயே வறுத்து அரைக்கக் கொடுத்தோம். நோன்பு திறக்கக் காய்ச்சிய கடல்பாசி கடலில் விளைந்தது. அதைப் பற்றி யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அதே கடல்பாசியைப் போலத் தளதளவென்றிருக்கும் ஜெல்லியும் மிட்டாயும் கடைகளில் பெருகியபோதுதான் சிக்கல் வந்தது. அவற்றில் பலவற்றில் இருப்பது ஜெலட்டின். அதை மாட்டின் எலும்பிலிருந்தும் எடுக்கலாம், பன்றியின் தோலிலிருந்தும் எடுக்கலாம். பொட்டலத்தில் 'ஜெலட்டின்' என்று மட்டும் அச்சிட்ட தயாரிப்பாளர் பொய் சொல்லவில்லை. நமக்கு வேண்டிய பதிலையும் சொல்லவில்லை. ரொட்டியிலும் ஐஸ்கிரீமிலும் சேரும் இ471 இன்னும் மோசம். தாவர எண்ணெயில் செய்தாலும் விலங்குக் கொழுப்பில் செய்தாலும் அதற்கு ஒரே எண்தான். பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள் நம் உம்மாமார்கள். எவ்வளவு ஆங்கிலம் படித்த பிள்ளைக்கும் அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வழியில்லை.

1968இல் அமைந்த முயிஸ் என்னும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம், 1970களில் ஹலால் சான்றிதழ் தரும் பணியைத் தொடங்கியது. 1999இல் சட்டத்தைத் திருத்தி, அந்த அதிகாரத்தை முயிஸிடமே ஒப்படைத்தார்கள். அதன் அனுமதியின்றி ஹலால் முத்திரையைப் பயன்படுத்தினால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நமக்கு இதனால் கிடைத்த பெரிய உதவி அபராதம் அல்ல. சமையலறைக்கும் தொழிற்சாலைக்கும் நேரில் போய், மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்று ஆவணத்தைக் கேட்கும் உரிமையுள்ள ஒருவர் நமக்காக இருக்கிறார் என்பதே அது.

அந்தக் கேள்வி எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை 2001இல் இந்தோனேசியாவில் கண்டோம். அங்கே அஜினோமோட்டோ நிறுவனம், சுவையூட்டி தயாரிக்க உதவும் நுண்ணுயிர்களுக்கு ஊட்டமாக, சோயாவிலிருந்து பெற்ற ஒரு பொருளைப் பயன்படுத்தியது. சோயா தாவரம்தானே! ஆனால் அந்தச் சோயாவைச் சிதைக்கப் பயன்பட்டது பன்றியிலிருந்து எடுத்த நொதி. விற்பனைக்கு வந்த சுவையூட்டியில் பன்றியின் சுவடு இல்லை என்று விளக்கம் தரப்பட்டது. இருந்தும் இந்தோனேசிய உலமா மன்றம் அதை ஹராம் என்றது. பொருள்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. எந்த லேபிளை எத்தனை முறை படித்தாலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

நேர்மாறாக, 2014 மே மாதம் மலேசியாவில் இரண்டு கேட்பரி சாக்லெட்டுகளில் பன்றி மரபணு இருப்பதாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது. புறக்கணிப்புக் குரல்கள் எழுந்தன. சில நாள்களில், தொழிற்சாலையில் எடுத்த மாதிரிகளைச் சோதித்த ஜாக்கிம் அப்படி எதுவும் இல்லை என்றது. முதல் செய்தி போன வேகத்தில் இரண்டாவது செய்தி போகவில்லை என்பது நம் கருத்து.

இந்தப் பாடு நமக்கு மட்டும் உரியதல்ல. கோஷர் பேணும் யூதர்கள் அமெரிக்காவில் 1920களிலேயே டப்பா உணவுகளுக்குத் தனிச் சின்னம் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். ஜெலட்டின் பற்றி அவர்களுடைய மார்க்க அறிஞர்களிடையேயும் கருத்து வேறுபாடு உண்டு. வெளிநாட்டில் படிக்கும் நம் பிள்ளைகள் சிலர் அந்தச் சின்னத்தைப் பார்த்து வாங்குவதுண்டு. ஆனால் கோஷரில் மதுவுக்குத் தடையில்லை. ஆகவே அந்தச் சின்னம் மட்டும் நமக்குப் போதாது.

இன்று பெருநாளுக்கு முன் நம் சகோதரிகள் பலர் வீட்டிலேயே பிஸ்கட்டும் கேக்கும் செய்து விற்கிறார்கள். வீட்டுத் தொழிலுக்கு முயிஸ் சான்றிதழ் கிடையாது. அதனால் வாங்குகிறவர்கள் தொலைபேசியில் கேட்கிறார்கள்: "லாத்தா, என்ன வெண்ணெய் போட்டீங்க? எசென்ஸ்ல ஆல்கஹால் இருக்கா?" லாத்தாவும் புட்டியைத் திருப்பிப் படித்துச் சொல்கிறார்.