காணிக்கையும் கடற்படையும்

ஆரணியின் பட்டுத் தறிகளில் சீனப் பட்டிழையும் ஓடியதுண்டு. அதன் விலை ஏறினால் நெசவாளர் வீட்டில் கவலை. மலிவாய் வந்து குவிந்தால் பட்டுப்புழு வளர்ப்போர் வீட்டில் கவலை. சீன வல்லமை குறித்த அச்சம் நமக்கு அயலானதன்று; புதியதுமன்று.

மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹோ முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1911இல் இலங்கையின் காலியில் கண்டெடுக்கப்பட்ட அவர்காலக் கல்வெட்டு 1409ஆம் ஆண்டுக்குரியது. அதன் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் போற்றுகின்றன. மூன்று சமூகத்தாரையும் அவரவர் மொழியிலேயே மதித்த செயல் அது. ஆயினும் 1411இல் இலங்கை ஆட்சியாளர் அழகேசுவரரை அதே கடற்படை சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுசென்றது.

2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் சென்றது. 2022 ஆகஸ்டில் ‘யுவான் வாங் 5’ கப்பல் அங்கு வந்தபோது இந்தியா கவலையுற்றது.

காணிக்கையை மட்டும் கண்டு மயங்குவதும் பிழை; படையை மட்டும் கண்டு ஓர் இனத்தையே வெறுப்பதும் பிழை. செங் ஹோ நம் மார்க்கத்தார் வழிவந்தவர் என்பதற்காக அவர் படை செய்ததை நாம் மறைக்கலாகாது. அரசுகளை அவற்றின் செயலால் எடைபோடுவோம். மக்களிடம் நீதி தவறாதிருப்போம். அதற்கு அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக.